பதினாறு குண்டுகளும் ஒரு போலீஸ் அறிக்கையும்

போலீஸ் அறிக்கையை ஓர் இலக்கியப் பிரதியைப் போல வாசிக்க வேண்டும் என்று சொன்னால் இயக்கத் தோழர்களுக்குக் கோபம் வருகிறது. செத்துக் கிடப்பவன் முன்னால் நின்றுகொண்டு கதைசொல்லி யார், நோக்குநிலை என்ன என்று கேட்பது அவர்களுக்கு அறிவுஜீவி விளையாட்டாகப் படுகிறது. இலக்கிய நண்பர்களுக்கு வேறு சங்கடம். போலீஸ் அறிக்கையில் வாசிப்பதற்கு என்ன இருக்கிறது, அது வெறும் குமாஸ்தா மொழிதானே என்கிறார்கள். இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் போலீஸ் கையால் சாகிற கறுப்பர்கள் விஷயத்தில், யார் பதில் சொல்வது என்ற கேள்வி கடைசியில் இரண்டு இடங்களில்தான் தீர்மானமாகிறது என்று நினைக்கிறேன்: கதை யார் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, எந்த நொடியிலிருந்து தொடங்கப்படுகிறது. இதை நான் கோட்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரவில்லை. அந்நாட்டு உச்ச நீதிமன்றமே இதை விதியாக வகுத்து வைத்திருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் சிகாகோ.

2014 அக்டோபர் 20 இரவு. நகரின் தென்மேற்கில் புலாஸ்கி சாலை. லக்வான் மெக்டொனால்ட், வயது 17, கறுப்பன், கையில் மடக்குக் கத்தி. நிறுத்தி வைத்திருந்த லாரிகளை உடைக்கப் பார்க்கிறான் என்று தகவல் போய் போலீஸ் வந்திருக்கிறது. ஒரு போலீஸ் காரின் டயரைக் கத்தியால் கிழித்திருக்கிறான். வந்திருந்த போலீசார் அவனைப் பின்தொடர்ந்துகொண்டே, மின் அதிர்ச்சி கொடுக்கும் டேசர் கருவி கேட்டுக் காத்திருந்தார்கள். அப்புறம் வந்து சேர்ந்த காரிலிருந்து இறங்கினார் ஜேசன் வான் டைக் என்ற வெள்ளைப் போலீஸ்காரர். இறங்கிச் சில நொடிகளில் சுட ஆரம்பித்தார். சுமார் 15 நொடியில் 16 குண்டுகள். பெரும்பாலானவை பையன் தரையில் விழுந்த பிறகு. அங்கிருந்த மற்ற போலீசார் யாரும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

அன்றிரவே போலீஸ் சங்கத்தின் பேச்சாளர் நிருபர்களிடம் கதையைச் சொல்லிவிட்டார்: பையன் கத்தியோடு போலீஸ் மீது பாய்ந்தான், மார்பில் சுடப்பட்டான், இறந்துவிட்டான். மறுநாள் செய்திகளில் அதுவே வந்தது. அதன் பிறகு வந்த அறிக்கைகளும் அதே கதைதான். பலப்பிரயோகத்துக்கென்று சிகாகோ போலீஸில் ஒரு படிவம் உண்டு. எதிரே நின்றவன் என்ன செய்தான் என்பதற்கு அச்சிட்ட கட்டங்கள், அவற்றில் டிக் அடித்தால் போதும். கதையின் கட்டமைப்பு ஏற்கெனவே அச்சாகி இருக்கிறது, பெயரும் தேதியும்தான் பாக்கி. வழக்குப் பதிவில் 'குற்றவாளி' என்ற இடத்தில் மெக்டொனால்டின் பெயர். 'பாதிக்கப்பட்டவர்' என்ற இடத்தில் யார் பெயர் தெரியுமா? வான் டைக்கின் பெயர். சுட்டவர் பாதிக்கப்பட்டவர். பதினாறு குண்டு வாங்கியவன் தாக்கியவன். 2015 மார்ச்சில் போலீஸ் துப்பறிவாளர் 'நியாயப்படுத்தத்தக்க கொலை' என்று எழுதிக் கோப்பை மூடினார்.

இந்தப் பிரதியை முதலில் உடைத்தது பிரேதப் பரிசோதனை அறிக்கை. ஜேமி கால்வன் என்ற தனிப் பத்திரிகையாளர் அதைக் கேட்டு வாங்கி 2015 பிப்ரவரியில் எழுதினார். பதினாறு காயங்கள், முன்னாலும் பின்னாலும். ஒரு தகவலை இங்கே விடக்கூடாது. போலீஸ் காரில் பொருத்திய கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது என்று அவருக்குத் துப்புக் கொடுத்தது அமைப்புக்கு உள்ளேயிருந்த ஒருவர். அந்த வீடியோவைத் தரமாட்டோம் என்று நகராட்சி மறுத்துக்கொண்டே இருந்தது. பிராண்டன் ஸ்மித் என்ற இன்னொரு பத்திரிகையாளர் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார். நீதிபதி உத்தரவு போட, 2015 நவம்பர் 24 அன்று வீடியோ வெளியானது. அதே நாளில்தான் வான் டைக் மீது கொலை வழக்குப் பதிவானது. சம்பவம் நடந்து 400 நாள். வீடியோ அரசு வழக்கறிஞர் கையில் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. நானூறு நாளும் அதில் எதுவும் மாறிவிடவில்லை. மற்றவர்களும் பார்த்துவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீடியோவில் பையன் விலகி நடக்கிறான். பாயவில்லை.

மொழி விஷயமாக ஒரு சின்ன விலகல். அமெரிக்கப் பத்திரிகைகளில் இப்படிச் சம்பவங்களுக்கு ஒரு தொடர் உண்டு. தமிழில் சொன்னால் 'அதிகாரி சம்பந்தப்பட்ட துப்பாக்கிச் சூடு' என்று வரும். கல்யாணத்தில் சம்பந்தப்பட்டவர் மாதிரி, துப்பாக்கி எங்கேயோ தானாக வெடிக்க, அதிகாரி அந்தப் பக்கம் இருந்திருக்கிறார். 2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒன்பது நிமிஷத்துக்கு மேல் முழங்காலால் அழுத்திக் கொன்றார்களே, அன்றிரவு போலீஸ் விட்ட அறிக்கையின் தலைப்பு, போலீஸ் தொடர்பின்போது ஏற்பட்ட மருத்துவச் சம்பவத்தில் ஒருவர் மரணம் என்ற பொருளில் இருந்தது. முழங்கால் அந்த அறிக்கையிலேயே கிடையாது. டார்னெல்லா ஃப்ரேசியர் என்ற 17 வயதுப் பெண் செல்போனில் எடுக்காமல் விட்டிருந்தால் அந்தத் தலைப்பே வரலாறாகியிருக்கும். நாமும் சிரித்துக்கொள்ள வேண்டாம். சந்திப்பு என்ற சாதாரண அர்த்தமுள்ள 'என்கவுண்டர்' என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழ்ப் பத்திரிகைகள் கொலைக்கு வைத்துக்கொண்டு எத்தனை வருஷமாச்சு!

இனி அந்த விதிக்கு வருகிறேன். 1974இல் மெம்ஃபிஸ் நகரில் எட்வர்ட் கார்னர் என்ற 15 வயதுக் கறுப்பு இளைஞன் ஒரு வீட்டில் திருடிவிட்டு வேலி ஏறித் தப்பப் பார்த்தான். தலையின் பின்புறத்தில் சுட்டுக் கொன்றார்கள். அவனிடம் இருந்தது பத்து டாலரும் ஒரு கைப்பையும். ஆயுதம் இல்லை என்று தனக்குக் கிட்டத்தட்டத் தெரியும் என்றே சுட்ட போலீஸ்காரர் சொன்னார். ஓடுகிறவனைச் சுடலாம் என்று அந்த மாநிலச் சட்டம் அனுமதித்திருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நிராயுதபாணியாக ஓடுகிறவனை, அவனால் ஆபத்து இல்லாதபோது, சுட்டுக் கொல்லக் கூடாது. நல்ல தீர்ப்பு. பதினோரு வருஷம் கழித்து வந்த நல்ல தீர்ப்பு.

நான்கே வருஷத்தில் அடுத்தது வந்தது. டெத்தார்ன் கிரஹாம் என்ற கறுப்பர், சர்க்கரை நோயாளி. 1984இல் வட கரோலினாவின் ஷார்லட் நகரில், இன்சுலினால் மயக்கம் வரும்போல இருக்கவே ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் போனார். வரிசை நீளமாக இருந்ததால் அவசரமாக வெளியே வந்தார். இதைப் பார்த்த போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. காரை மறித்தார்கள், கைவிலங்கு போட்டார்கள், முகத்தைக் கார் மீது மோதினார்கள், கால் எலும்பு முறிந்தது. ஒரு நண்பர் ஆரஞ்சுச் சாறு கொண்டுவந்தார், கொடுக்க விடவில்லை. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவர் போட்ட வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை போலீஸ் பலப்பிரயோக வழக்குகள் எல்லாவற்றுக்கும் வேதம். பலம் நியாயமானதா என்பதைச் சம்பவ இடத்தில் நிற்கும் 'நியாயமான போலீஸ்காரர்' ஒருவரின் கண்ணால் பார்க்க வேண்டும். பின்னால் தெரியவந்ததை வைத்துப் பார்க்கக் கூடாது. நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். நோக்குநிலையை நீதிமன்றம் சட்டமாக்கியிருக்கிறது. கதையைப் போலீஸ்காரரின் கண் வழியாக மட்டுமே சொல்ல வேண்டும். ஆரஞ்சுச் சாறு தேடி வந்தவனின் கண்ணுக்குக் கதையில் இடம் கிடையாது. சர்க்கரை குறைந்து தலை சுற்றுவது அவனுக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் குடித்தவன்போலத்தான் தெரியும். அந்தத் 'தெரியும்' என்பதே சாட்சியம்.

அதே தீர்ப்பில் இன்னொரு விஷயம் உண்டு, அதை எல்லோரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். போலீஸ்காரர் மனசுக்குள் கெட்ட நோக்கம் இருந்தாலும், வெளியே பார்க்க நியாயமான பலமாக இருந்தால் அது சட்டமீறல் ஆகாது. நோக்கம் பொருட்டல்ல. இதன் விளைவு என்ன? இனவெறுப்பு இருந்ததா என்ற கேள்வியை இந்தச் சட்டத்தின் கீழ் கேட்கவே வேண்டியதில்லை. ஒரு பக்கம் போலீஸ்காரரின் பயம் சாட்சியமாக ஏற்கப்படுகிறது. மறுபக்கம் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தடை. நிறம் முழுக்க அந்தப் பயத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. சட்டம் அந்த அறைக்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கிறது.

இது ஊகம் இல்லை என்பதற்கு அவர்களுடைய வாக்குமூலங்களே போதும். 2014 ஆகஸ்டில் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுனைச் சுட்ட டேரன் வில்சன், கிராண்ட் ஜூரி முன்னால் சொன்னது: பையனைப் பிடித்தபோது, ராட்சச மல்யுத்த வீரனைப் பிடித்த ஐந்து வயதுக் குழந்தைபோலத் தன்னை உணர்ந்தாராம். அவன் முகம் பேய்போல இருந்ததாம். இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம், ஆறடிக்கு மேல். (கையைத் தூக்கிக்கொண்டு நின்றவனைச் சுட்டார்கள் என்று அப்போது பரவிய சாட்சியங்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்று 2015இல் மத்திய நீதித்துறை முடிவுக்கு வந்தது. தோழர்கள் இதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. அதே துறை அதே நாளில் வெளியிட்ட இன்னோர் அறிக்கை, ஃபெர்குசன் போலீஸும் நகர நீதிமன்றமும் கறுப்பர்களை அபராதம் அபராதமாகக் கறந்ததைப் பக்கம் பக்கமாகச் சொன்னது.) 2014 நவம்பரில் க்ளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கியோடு பூங்காவில் விளையாடிய டமிர் ரைஸைக் கார் வந்து நின்ற இரண்டே நொடியில் சுட்டார்கள். அவனுக்கு வயது 12. சுட்ட பிறகு வானொலியில் சொன்ன வயது சுமார் 20. அழைத்தவர் 'பொம்மையாக இருக்கலாம், சின்னப் பையனாக இருக்கலாம்' என்று சொல்லியிருந்தார். அது போலீஸ்காரர்களுக்குச் சொல்லப்படவே இல்லை.

வான் டைக்கின் விசாரணையில் இதைவிட ஒன்று வந்தது. காரில் வந்துகொண்டிருக்கும்போதே, இவனைச் சுட வேண்டி வரும்போல இருக்கிறதே என்று கூட வந்தவரிடம் சொல்லியிருக்கிறார். சொன்னது அவர் தரப்புச் சாட்சியான மனநல நிபுணரே. இன்னும் பையனைப் பார்க்கக்கூட இல்லை. நொடிப்பொழுது முடிவு என்கிறார்களே, அந்த நொடி எப்போது தொடங்கியது?

நிறம் என்றால் சுடுகிறவர் வெள்ளையராக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் 2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டயர் நிக்கல்ஸை அடித்தே கொன்றதைப் பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்ட ஐந்து போலீஸ்காரர்களும் கறுப்பர்கள். முதல் அறிக்கையில் 'மோதல்' என்றும், அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது என்றும் எழுதியிருந்தார்கள். அந்தக் கண் சீருடையோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

எந்த நொடியிலிருந்து கதை தொடங்கும் என்ற கேள்வி 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றத்தில் நேராக வந்தது. ஹூஸ்டனில் 2016இல் சுங்கக் கட்டண பாக்கிக்காக ஒரு வாடகைக் காரை நிறுத்தினார் போலீஸ்காரர். கார் நகரத் தொடங்கியதும் அதன் படியில் தாவி ஏறிச் சுட்டார். ஓட்டிவந்த கறுப்பு இளைஞர் ஆஷ்டியன் பார்ன்ஸ் இறந்தார். கீழ் நீதிமன்றங்கள் கடைசி இரண்டு நொடியை மட்டும் பார்த்தன. ஓடுகிற காரில் தொங்குகிறவருக்கு உயிர்ப்பயம் இருக்கும்தானே என்றன. யார் தாவச் சொன்னது என்ற கேள்விக்கு இடமில்லை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, முழுச் சூழலையும் பார்க்க வேண்டும் என்றது. ஆபத்தைத் தானே உருவாக்கிக்கொண்டவரின் பயத்தை என்ன செய்வது என்பதை மட்டும் தொடாமல் விட்டது. கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்கலாம், கண் மட்டும் அதே கண்.

இதற்கெதிரான வாசிப்பு வீடியோ வந்த பிறகு தோன்றியதில்லை. சிகாகோவில் குடியேறி வாழ்ந்த ஐடா பி. வெல்ஸ் 1895இல், கறுப்பர்களைக் கும்பல் அடித்துக் கொல்லும் கொலைகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார். எண்களை எங்கிருந்து எடுத்தார்? வெள்ளையர் பத்திரிகையான சிகாகோ ட்ரிப்யூனிலிருந்து. 1900இல் நியூ ஆர்லியன்ஸில், வாசற்படியில் உட்கார்ந்திருந்த ராபர்ட் சார்ல்ஸ் என்ற கறுப்பரிடம் போலீஸ் வம்புக்குப் போய்ப் பெரிய கலவரமானது. அதைப் பற்றிய வெல்ஸின் பிரசுரம் அந்த ஊர் வெள்ளைப் பத்திரிகைச் செய்திகளை வைத்தே அவர்களுடைய கதையைக் கலைத்துப்போட்டது. கட்டவிழ்ப்பு என்று நாம் பிரெஞ்சுக்காரர்களிடம் கற்றுக்கொண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடிமையாகப் பிறந்த ஒரு பெண் அதைச் செய்து முடித்திருக்கிறார்.

அதே சிகாகோவில் 1969 டிசம்பர் 4, விடிவதற்கு முன். அரசு வழக்கறிஞர் ஹன்ராஹனின் கீழிருந்த போலீசார், கருஞ்சிறுத்தைகளின் தலைவர் ஃப்ரெட் ஹாம்ப்டன் தங்கியிருந்த வீட்டுக்குள் நுழைந்தார்கள். ஹாம்ப்டனும் மார்க் க்ளார்க்கும் செத்தார்கள். ஹாம்ப்டனுக்கு வயது 21. போலீஸ் சொன்ன கதை: பயங்கரத் துப்பாக்கிச் சண்டை. ட்ரிப்யூன் பத்திரிகை படம் போட்டது. கதவில் வட்டமிட்டுக் காட்டிய துளைகள், சிறுத்தைகள் சுட்டதற்கு அத்தாட்சி என்று. வேறு நிருபர்கள் போய்ப் பார்த்தால் அவை ஆணித் தலைகள்! அந்த வீட்டுக்குப் போலீஸ் சீல் வைக்க மறந்துவிட்டது. சிறுத்தைகள் கதவைத் திறந்துவிட்டு, வாருங்கள், நீங்களே பாருங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான கறுப்பு மக்கள், கிழவிகளும் பள்ளிப் பிள்ளைகளும், வரிசையில் நின்று சுவரைப் படித்துவிட்டுப் போனார்கள். குண்டு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சுவரே சொன்னது. 1970இல் மத்திய கிராண்ட் ஜூரியின் கணக்கும் அதையே சொன்னது: போலீஸ் சுட்டது 80க்கும் மேல், சிறுத்தைகள் பக்கமிருந்து அதிகபட்சம் ஒன்று. சுட்டதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. மூன்று வருஷத்தில் பம்பாயில் தலித் சிறுத்தைகள் தங்களுக்கு இந்தப் பெயரை எடுத்துக்கொண்டது தற்செயல் அல்ல.

எண்ணும் வேலையும் இன்னும் முடியவில்லை. போலீஸ் சுட்டு வருஷத்துக்கு எத்தனை பேர் சாகிறார்கள் என்ற முழுக் கணக்கு அந்த அரசிடம் இல்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015 முதல் 2024 முடிய எண்ணியது. ஆண்டுக்குச் சுமார் 1000 பேர். கறுப்பர்கள் சாகும் விகிதம் வெள்ளையரைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிறகு பத்திரிகையும் எண்ணுவதை நிறுத்திக்கொண்டது.

இப்போது நம் பின்நவீனத்துவ நண்பர்களிடம் ஒரு வார்த்தை. எல்லாம் பிரதி, எல்லாம் நோக்குநிலை, ஒற்றை உண்மை கிடையாது என்று பேசிப் பேசி நமக்கு ஒரு சொகுசு வந்துவிட்டது. வான் டைக்கைக் காப்பாற்றப் பொய் அறிக்கை எழுதியதாக மூன்று போலீஸ்காரர்கள் மீது தனி வழக்கு நடந்தது. 2019 ஜனவரி 17 அன்று மூவரையும் நீதிபதி விடுவித்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று: ஒரே நிகழ்ச்சியை இரண்டு இடத்தில் நிற்கும் இருவர் வேறு வேறாக விவரிக்கலாம், வீடியோவும் ஒரு கோணம்தான். நம் பத்திரிகைகளில் இதே வாக்கியம் வந்திருந்தால் தலையாட்டியிருப்போம். உண்மையைப் பன்மையாக்குவது எப்போதும் ஒடுக்கப்பட்டவன் பக்கம்தான் நிற்கும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? வெல்ஸும் சிறுத்தைகளும் செய்தது வேறு. 'எங்களுக்கும் ஒரு கதை உண்டு' என்று அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. ஆணித் தலை ஆணித் தலைதான், துளை இல்லை என்றார்கள். எண்ணிக் காட்டினார்கள்.

பொறுப்பேற்பது என்றால் தண்டனை மட்டும்தானா என்று கேட்பவர்களுக்கும் சிகாகோவே ஒரு வினோதமான பதில் வைத்திருக்கிறது. ஜான் பர்ஜ் என்ற போலீஸ் அதிகாரியும் அவர் ஆட்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கு மேற்பட்ட கறுப்பர்களைச் சித்திரவதை செய்தார்கள். மின் அதிர்ச்சி, தலையில் உறை மாட்டி மூச்சடைத்தல். சித்திரவதைக்கு வழக்குப் போடும் காலம் கடந்துபோச்சு. பொய்ச் சத்தியத்துக்காக 2010இல்தான் தண்டித்தார்கள், நாலரை வருஷம். பென்ஷன் நிற்கவில்லை. உயிர் பிழைத்தவர்களும் தாய்மார்களும் பல வருஷம் போராடி, 2015 மே 6 அன்று நகர மன்றத்தில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 55 லட்சம் டாலர், பகிரங்க மன்னிப்பு, உளவியல் சிகிச்சைக்கு ஒரு மையம், நினைவுச் சின்னம். நினைவுச் சின்னத்தை வருஷக்கணக்கில் இழுத்தடித்தார்கள். அவற்றோடு ஒன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் இந்த வரலாறு பாடம். படிவத்தில் 'குற்றவாளி' என்ற இடத்தில் எழுதப்பட்டவனின் கதையை அரசுப் பள்ளியே சொல்லித்தர வேண்டும். நோக்குநிலை மாறுவது என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் தேதியைக் கவனியுங்கள். அதற்கு 21 நாள் முன்னால், 2015 ஏப்ரல் 15 அன்று, அதே நகர மன்றம் மெக்டொனால்டின் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புதல் தந்தது. குடும்பம் வழக்குக்கூடப் போட்டிருக்கவில்லை. மேயர் தேர்தல் முடிந்து ஒரு வாரம். வீடியோ வெளியே வராது என்பதும் பேச்சுவார்த்தையின் ஒரு பகுதி. பழைய கொடுமைக்கு மன்னிப்புக் கேட்கும் கையே புதியதை மூடிக்கொண்டிருந்தது. பணம் போலீஸ்காரர் பையிலிருந்து போகவில்லை, வரி கட்டுகிறவர்களின் பணம். அந்த வரியில் கறுப்பர்களின் வரியும் உண்டு.

வான் டைக் வழக்கில் 2018 அக்டோபர் 5 அன்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. இரண்டாம் நிலைக் கொலை. அதோடு, துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்திய கடுமையான தாக்குதல் 16, குண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக நீதிமன்றத்தில் வாசித்தார்கள். குற்றவாளி, குற்றவாளி என்று பதினாறு தடவை. அந்த நகரத்தில் பணியில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் கொலைக்குத் தண்டிக்கப்பட்டது சுமார் ஐம்பது வருஷத்தில் அதுவே முதல் தடவை. 2019 ஜனவரி 18, மூவர் விடுதலையான மறுநாள், தண்டனை நிர்ணயம். தாக்குதல் குற்றங்களுக்குத் தலா ஆறு வருஷமாவது கொடுத்தாக வேண்டும். நீதிபதி அவை பதினாறையும் கொலைக் குற்றத்துக்குள் அடக்கிவிட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் 81 மாதம் கொடுத்தார். அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றம்வரை போனது. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. 2022 பிப்ரவரி 3 அன்று வான் டைக் வெளியே வந்தார்.